பத்தொன்பதாம் பாகத்தில் திரும்பிப் பார்ப்பவள்

என் சித்தி வரைந்த எந்தப் படத்தையும் யாரும் நின்று பார்த்ததில்லை. ஒரு வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் திரையில் இருந்துவிட்டுப் போகும் படங்கள் அவை. ஒரு பெண் நாற்காலியிலிருந்து எழுகிறாள் என்றால், அவள் உட்கார்ந்திருக்கும் படத்தையும் நின்றுகொண்டிருக்கும் படத்தையும் பெரிய கலைஞர் ஒருவர் வரைந்து அனுப்புவார். அதற்கு கீ என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக எழும் உடம்பை வரைவது சித்தியின் வேலை. அது இடைப்படம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "நடுவுல வர்றதைப் போடுறேன்" என்பாள். கேட்டவருக்குப் புரியாது. அவளும் விளக்க மாட்டாள்.

அவள் பதினாறு வருடம் வேலை பார்த்த அனிமேஷன் ஸ்டுடியோ, ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த மாடி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டிருக்கும். முப்பது மேசைகள். ஒவ்வொன்றிலும் சாய்வாகப் பதித்த கண்ணாடி, அதன் அடியில் விளக்கு. காகிதத்தின் கீழ் ஓரத்தில் மூன்று துளைகள் இருக்கும். அவற்றை மேசையின் மூன்று குமிழ்களில் மாட்டினால் நான்கைந்து தாள்கள் அசையாமல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். அடித்தாளின் கோடு மேல்தாளில் தெரியும். தாள்களை விரல்களுக்கிடையில் கோத்துக்கொண்டு புரட்டினால் படம் நகரும். நடுப்பகலிலும் அங்கே முகங்களுக்கு வெளிச்சம் கீழேயிருந்துதான் வரும். பள்ளி விடுமுறையில் என்னை அழைத்துப் போவாள். முப்பது பேரும் கிணற்றுக்குள் எதையோ தவறவிட்டுவிட்டுக் குனிந்து தேடுவதுபோல இருக்கும்.

ஜப்பானிலிருந்து வாரம் ஒரு பெரிய உறை வரும். உள்ளே கீ படங்கள், எந்தப் படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற அட்டவணை, ஒவ்வொரு பாத்திரத்தின் முகமும் எல்லாப் பக்கத்திலிருந்தும் எப்படித் தெரியும் என்று காட்டும் மாதிரித்தாள். இடைப்படம் போடுபவர் அந்த மாதிரியை விட்டு மயிரிழை விலகக்கூடாது. சரிபார்ப்பவர் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர். எல்லோருக்கும் கண்ணாடி அண்ணன். தாளை விளக்கில் பிடித்துப் பார்த்து, "யாருப்பா இது, உங்க வீட்டு ஆளா? கதைக்குள்ள எப்ப வந்தாரு?" என்று திருப்பிக் கொடுப்பார்.

எனக்கு நாலு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டவர். சித்திதான் என்னை வளர்த்தாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரியம்மா ஒருத்தி விடாமல் நச்சரித்தபோது, "எனக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு குடுத்தா நடுவுல போடத் தெரியும். நானா ஆரம்பிக்கத் தெரியாது பெரியம்மா" என்றாள். பெரியம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. கதையில் ஒரு பெண் தலையைத் திருப்பும் காட்சி வந்தால் அது சித்தியின் மேசைக்கு வராது. பக்கத்து மேசைக்காரிக்குப் போகும். ஆண்கள், நாய்கள், கப்பல்கள், கொடியில் ஆடும் துணிகள் எல்லாம் சித்திக்கு. "இவளுக்குத் திரும்புற பொம்பளைய குடுக்காதீங்கப்பா. நாயக் குடுங்க, நாலு கால்லயும் அழகா ஓட வைப்பா" என்று கண்ணாடி அண்ணன் சத்தமாகவே சொல்வார். யாரும் சிரிக்க மாட்டார்கள். சித்திக்கு அது மட்டும் வராது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலருக்குக் கை வரைய வராது, சிலருக்குக் குதிரை. அப்படி.

ஸ்டுடியோவை மூடினார்கள். கண்ணாடி அண்ணனும் போய்ச் சேர்ந்தார். சித்தி ஒரு விளையாட்டுச் செயலி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து வரைய ஆரம்பித்தாள். நான் படித்து முடித்து, படங்களையும் தொடர்களையும் வாங்கி இணையத்தில் காட்டும் நிறுவனம் ஒன்றின் பட்டியல் பிரிவில் சேர்ந்தேன். ஒவ்வொரு தொடரையும் பார்த்து, அதன் ஆண்டு, மொழி, வகை ஆகிய கட்டங்களை நிரப்புவது வேலை. குளிர்ந்த அறை, ஆறு நாற்காலி, ஒரு வெண்பலகை. என் பேச்சு அங்கே அதிகம் கேட்காது. "இந்தப் பொண்ணு இருக்கா போயிட்டாளான்னு தும்முனாதான் தெரியும்" என்று மேலாளர் மேடம் சொல்வார்.

பிரச்சினை 'வகை' என்ற கட்டத்தில் வந்தது. ஜப்பானிய அசைபடங்களுக்கு ரசிகர்கள் சொல்லும் பெயர் அனிமே. அதை எதற்கெல்லாம் போடுவது?

"கண்ணு பெருசா இருக்கா, தலைமுடி நீலமா இருக்கா, அனிமேன்னு போடு, முடிச்சிரு" என்றார் மேடம்.

எங்கள் பிரிவில் தாடி என்று ஒருவர் உண்டு. பத்து வயதிலிருந்து பார்த்த தொடர்களுக்கெல்லாம் நோட்டுப் போட்டு வைத்திருப்பவர். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "கண்ணு பெருசா இருந்தா அனிமேன்னா எங்க மாமா பொண்ணும் அனிமேதான் மேடம்."

"அவ நம்பரைக் குடு, சொல்லிடறேன்."

"விளையாடாதீங்க மேடம். இன்னிக்கு எவன் எவனோ வரைஞ்சிட்டு அனிமேங்கிறான். பாக்கறவன் நம்மளத்தான் திட்டுறான்."

"ஜப்பான்லயே வரைஞ்சு நகர்றது எல்லாத்துக்கும் அந்தப் பேருதானாமே? வெளிநாட்டு எலி, பூனை எல்லாமே அங்க அனிமேதானாம். நீ என்ன அவங்களை விடக் கறாரா இருக்கே?"

"அது அங்க. இங்க வேற."

மூன்று வாரம் இது நடந்தது. எழுதியது அங்கே, வரைந்தது வேறெங்கோ, பணம் போட்டது இன்னொரு நாடு என்று ஒவ்வொரு தொடரும் ஒரு வழக்கு. கடைசியில் மேடம் சலித்துப்போய் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் வருது, வாயும் திறக்க மாட்டே. நீயே ஒரு விதி எழுதிக் குடும்மா. ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும். எழுதினதுக்கு அப்புறம் எவனும் பேசக்கூடாது."

நான் எழுதினேன். சித்தியின் வேலை எனக்குத் தெரியும் என்பதால் எளிதாகவே இருந்தது. இடைப்படங்களை யார் வேண்டுமானாலும் போடலாம். அவை வரைபவருடையவை ஆகா. கீ படங்கள் முழுவதும் ஜப்பானில் வரையப்பட்டிருந்தால் அது அனிமே. ஒரே ஒரு காட்சியின் கீ வெளியே வரையப்பட்டிருந்தாலும் அது வேறு வரிசை. சந்தேகம் இருந்தால், அந்தத் தொடரில் வேலை செய்த ஒருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும். தாடி இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அன்று மாலை சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன். "கீ யாரு போட்டாங்களோ அவங்களோடது. அவ்வளவுதான் சித்தி." அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ம்ம், அதுவும் சரிதான்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து 'வானிலை வீடு' என்ற தொடர் எங்களிடம் வந்தது. இருபத்திரண்டு வருடம் பழையது, இருபத்தாறு பாகம். மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தில் வாழும் அக்கா தங்கையின் கதை. முடிவில் ஓடும் பெயர்களில் கடைசியாகச் சித்தியின் ஸ்டுடியோ பெயர் இருந்தது. ஆட்களின் பெயர் இல்லை, ஸ்டுடியோ பெயர் மட்டும். அனிமே வரிசைக்குப் போனால் நிறுவனம் நீண்ட கால உரிமம் வாங்கி வெளியிடும். இல்லையென்றால் மாதக் கடைசியில் எங்களிடமுள்ள பிரதி அழிக்கப்படும். அது ஒப்பந்தம். மூல நாடாக்கள் பூஞ்சை பிடித்து அறுந்துவிட்டன என்று உரிமைக்காரர் எழுதியிருந்தார். வேறு பிரதி இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

"உங்க சித்திகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்திடும்மா" என்றார் மேடம். "இதுல என்ன சந்தேகம், எல்லாம் அங்கதான் போட்டிருப்பாங்க. சும்மா சம்பிரதாயத்துக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்தேன். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தாள். தொடரின் பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது இன்னும் இருக்கா?"

"ஒரே ஒரு பிரதி இருக்கு. ஏன் சித்தி?"

"பத்தொன்பதாவது பாகம் வச்சிருக்கியா?"

அலுவலக மடிக்கணினியைத் திறந்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளே சொன்னாள்.

காட்சி சின்னது. அக்கா ஊரைவிட்டுப் போகிறாள். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வாசற்கதவருகே நிற்கிறாள். திரும்பிப் பார்க்கிறாள். போகிறாள். முதல் பார்வையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "மெதுவா ஓட்டு" என்றாள் சித்தி. ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். முதல் இரண்டிலும் மாதிரித்தாளின் முகம்: கூர் மோவாய், நட்சத்திரக் கண். மூன்றாவதில் மோவாய் மழுங்கியது. நான்காவதில் இடது புருவம் வலதைவிடச் சற்று ஏறியது. ஐந்தாவதில் என் அம்மா என்னைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றே ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்தது. எனக்குத் தெரிந்த அம்மா நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பவள். அந்தப் புருவம், காதோரம் அடங்காத அந்த முடி, எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். வாய் எதையோ கேட்டுவிட்டதுபோலக் கொஞ்சம் திறந்திருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என மூன்று படங்களுக்கு அவள் அசையவில்லை, நின்றாள். எட்டில் முகம் விலகியது. பதினொன்றில் கோட்டின் முதுகு மட்டும். மொத்தமாக ஒரு வினாடி கூட இல்லை.

மறுபடி ஓட்டினேன். ஆறு தடவை ஓட்டினேன். ஏழாவது தடவை என் போனைக் கையில் எடுத்தேன். சித்தி அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எடுக்காத."

"இது அம்மா."

"இரு, சொல்றேன்."

அவள் தாழ்ந்த குரலில், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "அன்னிக்கு நான் சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டேன். உங்கம்மா டப்பாவை எடுத்துட்டு ஸ்டுடியோவுக்கே வந்தா. மறுநாள் அனுப்ப வேண்டிய வேலை, நான் தலை நிமிரல. 'வச்சுட்டுப் போக்கா'ன்னேன். வச்சா. அப்புறம் கதவுகிட்ட நின்னு திரும்பி ஏதோ கேட்டாளாம். நான் 'ம்'னேனாம். பக்கத்து மேசைக்காரிதான் சொன்னா, 'உங்கக்கா ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாங்கப்பா'ன்னு. என்ன கேட்டான்னு அவ காதுல விழல. கீழ இறங்கி ரோட்டைத் தாண்டும்போது வண்டி. ஆஸ்பத்திரிக்கு நான் போறதுக்குள்ள துணி போட்டு மூடிட்டாங்க."

எனக்கு இதில் பாதி தெரியும். வண்டி தெரியும், துணி தெரியும். கதவு தெரியாது.

"பத்து நாள் கழிச்சு வேலைக்குப் போனேன். ஜப்பான்லேருந்து வந்த உறை மழையில நனைஞ்சு, இந்தக் காட்சியோட கீ மட்டும் கஞ்சி மாதிரி ஆயிருந்தது. ரெண்டு நாள்ல அனுப்பணும். அட்டவணையில ஒரு வரி இருந்தது. 'அக்கா வாசலில் திரும்பிப் பார்க்கிறாள், போகிறாள்.' கண்ணாடி அண்ணனுக்கு வேற ஆளு இல்ல, 'நீயே கீயையும் போட்டுரும்மா, ஜப்பானுக்குச் சொல்ல வேணாம்'னாரு. போட்டேன். முடிச்சுக் குடுத்தப்போ அண்ணன் ரொம்ப நேரம் பாத்தாரு. 'உங்கக்காவை நான் பாத்திருக்கேன்மா'ன்னாரு. திருத்தச் சொல்லல. அப்படியே அனுப்பிட்டாரு."

"அதுக்கப்புறம்தான் உனக்குத் திரும்புற காட்சி குடுக்கலையா?"

"முதல் தடவை நான் கூப்பிட்டுத்தான் வந்தா. அப்புறம் கூப்பிடாமலே வர ஆரம்பிச்சா. ராணி திரும்பினாலும் அவ. கடைக்காரி திரும்பினாலும் அவ. மாதிரித்தாளைப் பக்கத்துலயே ஒட்டி வச்சுக்குவேன். மூணாவது படம் வரைக்கும் சரியா இருக்கும். நாலாவதுல புருவம் ஏறும். என் கைதான் போடுது, ஆனா என்னைக் கேட்டுப் போடல. அஞ்சாவதுல வாயைத் திறந்துட்டு நிப்பா. பதில் சொன்னாதான் போவா போல. என்ன கேட்டான்னே தெரியாம என்னத்தைச் சொல்ல?"

குக்கர் சத்தம் போட்டது. எழுந்து அணைத்துவிட்டு வந்து பேனாவை எடுத்தாள். படிவத்தில் என் விதி கேள்வியாக இருந்த வரியை விரலால் தடவினாள்: 'கீ படங்கள் முழுவதும் ஜப்பானில் வரையப்பட்டவையா? இல்லையெனில் விவரம் எழுதவும்.'

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சித்தி, ஆமான்னு எழுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்தாறு பாகத்துல ஒரு நொடி. அது யாருக்குத் தெரியும்? கண்ணாடி அண்ணன் கூட இல்ல."

"எனக்குத் தெரியுமே."

"கொஞ்சம் தளர்வா எடுத்துக்கலாம். மேடம் சொல்றதும் சரிதான். எங்க வரைஞ்சா என்ன, நகருதில்ல? பாக்கறவங்களுக்கு அது..."

"போன வாரம் இதே நாற்காலியில உக்காந்துட்டுதான் கீ யாரோடதோ படம் அவங்களோடதுன்னு சொன்னே."

"அப்ப இதுல அம்மா இருக்காங்கன்னு தெரியாது."

"இதுல உங்கம்மா இல்லடி" என்றாள் சித்தி. "நான் நிமிரவே இல்லையே. அவ எந்தப் பக்கமா திரும்பினா, சிரிச்சாளா, கோவமா இருந்தாளா, எதையும் நான் பாக்கல. கையில ரெண்டே படம் இருந்தது. காலையில வீட்டுல பாத்தது ஒண்ணு, ஆஸ்பத்திரியில பாத்தது ஒண்ணு. நடுவுல இருந்ததை நான் போட்டேன். கீயும் நான், இடையும் நான். அவளோடது ஒரு கோடு கூட இல்ல. இதை வச்சுக்கிட்டா நீ பாத்துப் பாத்து, எங்கம்மா இப்படித்தான் திரும்புவாங்கன்னு நினைச்சுக்குவே. நாளைக்கு உன் புள்ளைக்கும் சொல்லுவே."

"எனக்கு வேற எதுவுமே இல்லையே சித்தி."

அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துப்போல உருண்டையாக எழுதினாள்: 'பத்தொன்பதாம் பாகம், வாசல் காட்சி. கீ படங்களும் இங்கேயே வரையப்பட்டவை. வரைந்தது நான்.' கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருடத்தில் தான் வரைந்தது என்று அவள் எழுதிக் கொடுத்தது அந்த ஒன்றுதான்.

மறுநாள் பேருந்தில் அந்தப் படிவம் என் மடியில் இருந்தது. என் பையில் வெற்றுப் படிவம் இன்னொன்றும் இருந்தது. சித்தியின் கையெழுத்தை எட்டாம் வகுப்பிலேயே மதிப்பெண் அட்டையில் போட்டுப் பழகியவள் நான். அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, நடந்து திரும்பி வந்தேன். அவள் எழுதியதையே கொடுத்தேன்.

தாடி அதைப் படித்தார். எப்போதும் வெற்றிபெற்றவர்போல முகத்தை வைத்துக்கொள்பவர், அன்று தாடியைச் சொறிந்தார். "ஒரு நொடிக்காக இருபத்தாறு பாகமும் போகுதா?"

"உன் விதிதானேப்பா" என்றார் மேடம்.

"என் விதி இல்ல மேடம், இவங்க எழுதினது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "விதியை மாத்தலாமா? சொல்லும்மா, உனக்காக மாத்திடறேன்" என்றார் மேடம். நிஜமாகத்தான் கேட்டார். எனக்காக ஒருவர் எதையாவது மாற்றுகிறேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை. வேண்டாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்திருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

வகைக் கட்டத்தில் 'பிற' என்று நானே போட்டேன். மாதக் கடைசியில், மதியம் மூன்று மணிக்கு, பட்டியலில் அந்த வரி சாம்பல் நிறமானது. அழிவதற்குச் சத்தம் எதுவும் இல்லை. அதற்கு முந்தின நாள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று நினைத்து, திறந்து, நீலக் கோட்டு வருவதற்குள் மூடிவிட்டேன். பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை. கண்ணை மூடினால் அம்மா திரும்புகிறாள், மூன்று படத்துக்கு நிற்கிறாள். அது சித்தி போட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் திரும்புகிறாள். சித்தி எதற்குப் பயந்தாளோ அது அந்த ஞாயிற்றுக்கிழமையே நடந்து முடிந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அன்று சீக்கிரம் வீடு வந்தேன். சித்தி ஜன்னலோரம் வேலை செய்துகொண்டிருந்தாள். நிறுவனத்துக்குக் கணினியில்தான் கொடுக்க வேண்டும்; ஆனால் முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வாள். பழைய ஸ்டுடியோவிலிருந்து கொண்டுவந்த விளக்குக் கண்ணாடி அதற்காகவே இருக்கிறது.

"அழிச்சாச்சா?"

"ஆச்சு."

அவள் தலையசைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். விளையாட்டில் வரும் வில்வீராங்கனை ஒருத்தி, யாரோ கூப்பிட்டுத் திரும்புவதுபோல. திரும்பும் பெண்.

"இதை நீ ஏன் எடுத்துக்கிட்டே?"

"வேற ஆளு இல்லையாம்."

"வராங்களா? அம்மா?"

"வரா" என்றாள் சித்தி. "மூஞ்சி இல்லாம வரா."

குனிந்து பார்த்தேன். முதல் இரண்டு தாளில் வீராங்கனையின் முகம், மாதிரிப்படி. மூன்றிலிருந்து ஒன்பது வரை வெறும் வட்டம். கண் எங்கே வரும், மூக்கு எங்கே வரும் என்று குறிக்கும் சிலுவைக்கோடு மட்டும். பத்தில் மறுபடி முகம்.

"இப்படியேவா குடுப்பே?"

"எப்படிக் குடுக்க முடியும்? நாளைக்குக் காலையில உக்காந்து மூஞ்சி போடணும்."

"யாரோட மூஞ்சி?"

"மாதிரித்தாள்ல இருக்கறது."

அவள் விரல்களைத் தாள்களுக்கிடையில் நுழைத்துப் புரட்டினாள். முகமில்லாத தலை என் பக்கமாகத் திரும்பியது, கொஞ்ச நேரம் நின்றது, போனது.

"இன்னொரு தடவை" என்றேன்.

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புரட்டினாள்.